கிராமுக்கு எவ்வளவு தருவீங்க? நகைக்கடன் கவுன்டர்களும் எல்டிவி கணக்கும்

நகைக்கடன் கவுன்டரில் உட்கார்ந்தவுடன் வட்டி என்ன என்று கேட்பவர்கள் குறைவு. "கிராமுக்கு எவ்வளவு தருவீங்க?" என்றுதான் பேச்சு தொடங்கும். எதிர்க்கடையில் 200 ரூபாய் அதிகம் என்றால் துணிப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். நகைக்கடன் நிறுவனங்களுக்கும் இது தெரியும். அதனால்தான் வாசல் பலகையில் கிராம் தொகை பெரிய எழுத்தில் இருக்கும், வட்டி விகிதம் நட்சத்திரக் குறியோடு அடியில் ஒதுங்கியிருக்கும்.

அந்தக் கிராம் தொகைக்குப் பின்னால் இருக்கும் சொல் எல்டிவி. நகையின் மதிப்பில் எத்தனை சதவீதம் கடனாகத் தருகிறார்கள் என்பதே அதன் பொருள். 1 லட்சம் மதிப்புள்ள நகைக்கு 75,000 கொடுத்தால் எல்டிவி 75 சதவீதம். மீதி 25,000 கடன் கொடுப்பவர் கையில் இருக்கும் பாதுகாப்பு. விலை இறங்கினாலும் வட்டி ஏறினாலும் அந்த மீதியிலிருந்துதான் கரையும். எல்டிவி கூடக்கூட கைக்கு வரும் பணம் கூடும், நகை முழுகிப்போகும் நாளும் நெருங்கும். கிராமுக்கு அதிகம் தரும் கவுன்டர் நல்ல கவுன்டர் என்ற பேச்சை முதலிலேயே ஒதுக்கி வைக்க வேண்டும். பொதுத்துறை வங்கி, கூட்டுறவு, நகைக்கடன் நிறுவனம், அடகுக்கடை என்ற நான்கையும் எடைச்சீட்டு, திருப்பிக் கட்டும் முறை, நகை கைக்குத் திரும்பும் விதம் ஆகிய மூன்றை வைத்துத்தான் இங்கே எடைபோடுகிறோம்.

75, 80, 85

இந்த வரம்பை வங்கியோ நகைக்கடன் நிறுவனமோ இஷ்டத்துக்கு வைக்க முடியாது. நகைக்கடன் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2012 மார்ச்சில் 60 சதவீதம் என்று கட்டிப்போட்டது, 2014 ஜனவரியில் அதை 75 ஆக்கியது. கொரோனா காலத்தில், 2020 ஆகஸ்டில், வங்கிகளுக்கு மட்டும் 2021 மார்ச் 31 வரை 90 சதவீதம் அனுமதித்தது. அந்த ஆகஸ்டில்தான் தங்கம் உச்சத்தில் இருந்தது. அடுத்த மார்ச்சுக்குள் விலை நன்றாக இறங்கிவிட்டது. உச்ச விலையில் 90 சதவீதம் வாங்கியவரின் கடனில் பாதுகாப்பு என்று எதுவுமே மிஞ்சியிருக்காது. எல்டிவி என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது.

இப்போதைய விதிகளை ரிசர்வ் வங்கி 2025 ஜூன் 6-ல் வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லாரும் நடைமுறைப்படுத்தியாக வேண்டும் என்பது கெடு. சொந்தச் செலவுக்கு வாங்கும் நகைக்கடனில், ஒருவருக்கு மொத்தம் 2.5 லட்சம் வரை 85 சதவீதம், அதற்கு மேல் 5 லட்சம் வரை 80, அதையும் தாண்டினால் 75.

இதில் ஒரு படிக்கட்டு ஒளிந்திருக்கிறது, கவுன்டரில் யாரும் சொல்ல மாட்டார்கள். 85 சதவீதத்தில் 2.5 லட்சம் வாங்க 2,94,118 ரூபாய் மதிப்புள்ள நகை போதும். 80 சதவீதத்தில் அதே 2.5 லட்சத்துக்கு 3,12,500 மதிப்பு வேண்டும். அதாவது இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உங்கள் நகை இருந்தால், மேலும் ஒரு மோதிரத்தைச் சேர்த்து வைத்தாலும் ஒரு பைசா கூட அதிகம் வராது. 5 லட்சத்திலும் இதே கதை: 6,25,000 முதல் 6,66,667 வரை கடன் 5 லட்சத்திலேயே நின்றுவிடும். இந்த இடைவெளியில் மாட்டும் நகை எது என்று பார்த்து, அதை வீட்டுக்கே திருப்பி எடுத்துப் போய்விடுவது நல்லது.

அடுத்து, எந்த விலையில் மதிப்பு போடுகிறார்கள் என்பது. நகைக்கடைப் பலகையில் இன்று போட்டிருக்கும் விலையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். முந்தைய 30 நாள் சராசரி, நேற்றைய முடிவு விலை, இந்த இரண்டில் எது குறைவோ அதைத்தான் எடுக்க வேண்டும். தங்கம் தினமும் ஏறிக்கொண்டிருக்கும் மாதத்தில் 30 நாள் சராசரி கீழேதான் இருக்கும். அதனால் "கடையில ஒரு ரேட்டு, உங்ககிட்ட ஒரு ரேட்டா?" என்று சண்டை போடுவதில் பயனில்லை. செய்கூலி, சேதாரம், ஜிஎஸ்டி, கல்லுக்குக் கொடுத்த காசு எதுவும் மதிப்பில் சேராது.

தராசுக்கும் உரைகல்லுக்கும் நடுவே

நகைக்கடனில் பணம் கசியும் முதல் இடம் வட்டி இல்லை, எடை. நகையின் எடையும் தரமும் பார்த்து மதிப்பு போடும் அப்ரைசரின் மேசையில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்திலிருந்து பார்க்க வேண்டும்.

ஒரு கல் வைத்த நெக்லஸ் என்று வைத்துக்கொள்வோம். தராசில் வைத்ததும் 34.600 காட்டுகிறது. இது மொத்த எடை. கல், கல்லுக்கு அடியில் இருக்கும் அரக்கு, பின்புறம் கோத்த நூல் எல்லாவற்றுக்கும் சேர்த்து 2.600 கழித்து, நிகர எடை 32.000 கிராம், அதாவது 4 சவரன் என்று எழுதுகிறார். இந்த 2.600 எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் கைப்பழக்கத்தில் வரும் ஊகம். நகை வாங்கிய பில்லில் கல் எடை தனியாகப் போட்டிருந்தால் அதைக் காட்டினால் ஊகத்துக்கு வேலையில்லை. அதனால் பழைய பில்லைப் பீரோவில் தேடி எடுத்துப் போவது வீண்வேலை ஆகாது. கிராம் 10,000 ரூபாய், எல்டிவி 80 என்று வைத்தால், கூடுதலாகக் கழியும் ஒவ்வொரு 300 மில்லிகிராமுக்கும் 2,400 ரூபாய் கடன் குறைகிறது. அதைவிட மோசம், அந்தக் குறைந்த எடைதான் சீட்டில் பதிவாகிறது. நாளைக்கு நகை தொலைந்தாலும் ஏலம் போனாலும் கணக்கு அந்த எடைக்குத்தான்.

பிறகு உரைகல். கறுப்புக் கல்லில் நகையின் மறைவான ஓரத்தை ஒரு இழுப்பு இழுத்து, பக்கத்தில் தரம் தெரிந்த தங்க ஊசியால் இன்னொரு கோடு போடுவார். மேலே ஒரு சொட்டுத் திராவகம். கோடு மங்காமல் நின்றால் மாற்று சரி, பச்சையாக நுரைத்துக் கரைந்தால் செம்பு அதிகம். நல்ல அப்ரைசர் ஒரே இடத்தில் உரச மாட்டார். கொக்கி, வளையம், பற்று வைத்த இடம், நடுப்பகுதி என்று மூன்று நான்கு இடத்தில் பார்ப்பார். கணினி இயந்திரத்தில் வைத்துப் பார்ப்பது துல்லியமானது என்று பலர் நம்புகிறார்கள். அந்தக் கதிர் மேற்பரப்பை மட்டுமே படிக்கும். தடிமனாகத் தங்கமுலாம் பூசிய போலி அதில் தேறிவிடும். அதனால்தான் இயந்திரம் உள்ள கிளையிலும் உரைகல்லை ஓரங்கட்டவில்லை. சந்தேகம் வந்தால் ஓரத்தில் சின்னதாக வெட்டிப் பார்க்கக் கேட்பார்கள். சம்மதிப்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை, மறுத்தால் கடன் தராமல் போகலாம்.

ஹால்மார்க்கும் ஆறு எழுத்து எண் கொண்ட ஹெச்யுஐடியும் இருக்கும் நகைக்கு இந்த வேலை சுலபம். பாட்டி காலத்து அட்டிகை, கேடிஎம் முத்திரை மட்டும் உள்ள வளையல் எல்லாம் சிக்கல். அவற்றை 20 காரட் என்று எழுதிவிட்டால் 32 கிராம் என்பது 22 காரட் கணக்கில் 29.09 கிராமாகச் சுருங்கும். மதிப்பில் 29,000 ரூபாய்க்கு மேல் போய்விடும். ஹால்மார்க் மையத்தில் சிறு கட்டணத்துக்குத் தரம் பார்த்துச் சீட்டு வாங்கிக்கொண்டு போனால் இந்தப் பேரத்தில் கை கொஞ்சம் ஓங்கும்.

தராசைப் பற்றி இரண்டு வார்த்தை. நகை வைக்கும் முன் திரை 0.000 காட்டுகிறதா, கண்ணாடிக் கதவு மூடியிருக்கிறதா, மேலே மின்விசிறி சுழல்கிறதா என்று பாருங்கள். எல்லா நகையையும் குவித்து ஒரே எடை எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தனித்தனியே போட்டு, பிறகு மொத்தமாகப் போட்டு, கூட்டல் சரிவருகிறதா என்று பார்க்க வேண்டும்.

புதிய விதியில் எங்களுக்குப் பிடித்தது இந்த இடம்தான். நகையைச் சோதிக்கும்போது கடன் வாங்குபவர் எதிரில் இருந்தாக வேண்டும். நகையை உள்ளறைக்கு எடுத்துப்போய்விட்டு எடையை மட்டும் சொல்வது செல்லாது. எத்தனை காரட், மொத்த எடை, கழித்தது எவ்வளவு, எதற்காகக் கழித்தார்கள், நிகர எடை, ஏற்கெனவே உள்ள சேதம், நகையின் படம், மதிப்பு எல்லாம் போட்ட சான்றிதழ் இரண்டு பிரதிகளில் தயாராக வேண்டும், ஒன்று உங்களுக்கு. நிபந்தனைகளை வட்டார மொழியிலோ நீங்கள் கேட்கும் மொழியிலோ தர வேண்டும். தமிழில் கேட்டால் தமிழில் தந்தாக வேண்டும் என்று இதற்குப் பொருள். கேட்காவிட்டால் ஆங்கிலத் தாளில் பத்துக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடும் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

ஒரே நகை, இரண்டு கிராம் ரேட்

மேலே சொன்ன நெக்லஸ்: 32 கிராம், 22 காரட், கிராம் 10,000 என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் மதிப்பு 3,20,000. மாதாமாதம் வட்டி கட்டும் திட்டத்தில் 80 சதவீதம், 2,56,000. கிராமுக்கு 8,000.

அதே நகையை, வருடக் கடைசியில் அசலும் வட்டியும் சேர்த்துக் கட்டும் திட்டத்தில் வைத்தால் தொகை மாறும். இதற்கு புல்லட் ரீபேமென்ட் என்று பெயர். இந்தத் திட்டத்தில் முடிவு நாளில் கட்ட வேண்டிய அசல், வட்டி இரண்டையும் சேர்த்துத்தான் எல்டிவி பார்க்க வேண்டும் என்பது விதி. 12 சதவீத வட்டி என்றால் 2,42,857 கடன், 29,143 வட்டி, கூட்டினால் 2,72,000. கடன் 2.5 லட்சத்துக்குள் இருப்பதால் வரம்பு 85 சதவீதம், 2,72,000 மதிப்பில் சரியாக அவ்வளவு. கிராமுக்கு 7,589 தான் வரும்.

ஆக, கிராமுக்கு 8,000 தருகிறேன் என்பவரும் 7,589 தருகிறேன் என்பவரும் ஒரே கிளையின் ஒரே மேலாளராக இருக்கலாம். "கிராமுக்கு எவ்வளவு?" என்ற கேள்வியை "எந்தத் திட்டத்தில் கிராமுக்கு எவ்வளவு?" என்று மாற்றினால்தான் பதிலுக்குப் பொருள் உண்டு. மாதச் சம்பளம் வருபவருக்கு முதல் திட்டம் ஒத்துவரும். அறுவடைக்குப் பிறகுதான் பணம் பார்ப்பவர், தீபாவளி வியாபாரத்தை நம்பியிருப்பவர், கையில் 8,000 கிடைக்கிறதே என்று மாதவட்டித் திட்டத்துக்குப் போனால் இரண்டாம் மாதமே நிலுவையில் விழுவார்.

ஒரு ரூபாய் வட்டி, 99 பைசா வட்டி

நம் ஊரில் வட்டியை ரூபாயில் பேசுவோம். 100 ரூபாய்க்கு மாதம் 1 ரூபாய் என்றால் ஒரு ரூபாய் வட்டி, வருடத்துக்கு 12 சதவீதம். இரண்டு ரூபாய் வட்டி என்றால் 24. 99 பைசா வட்டி என்ற விளம்பரம் வருடத்துக்கு 11.88 சதவீதம். கேட்க இனிமையாக இருக்கும் எண், அவ்வளவுதான்.

நகைக்கடன் நிறுவனங்களின் திட்டங்களில் கவனிக்க வேண்டியது படி வட்டி. ஒரு மாதிரிக் கணக்கு: 30 நாளுக்குள் வட்டி கட்டினால் 12 சதவீதம், 90 நாள் தாண்டினால் 18, 180 நாள் தாண்டினால் 24. தாண்டிய நாளிலிருந்து என்று நினைத்தால் தப்பு. சில திட்டங்களில் உயர்ந்த விகிதம் முதல் நாளிலிருந்தே விழும். ஏனென்றால் அசல் ஒப்பந்தத்தில் வட்டி 24 தான், ஒழுங்காகக் கட்டுபவருக்கு 12 சதவீதம் தள்ளுபடி என்றுதான் எழுதியிருக்கும். 1 லட்சம் வாங்கி 200 நாள் விட்டால் 6,575 கட்ட வேண்டிய இடத்தில் 13,151 கேட்பார்கள். கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றே: "ஒரு வருஷம் ஒரு பைசா கட்டாம வந்தா மொத்தம் எவ்வளவு?" அந்த எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டணங்கள் அடுத்தது. பரிசீலனைக் கட்டணம், அப்ரைசர் கட்டணம், காப்பீடு, குறுஞ்செய்திக் கட்டணம் என்று சில்லறையாகப் பிடிப்பவை சின்னக் கடனில் பெரிதாகக் கடிக்கும். 50,000 ரூபாய், 9 சதவீதம், 3 மாதத்தில் திருப்பிவிடுகிறீர்கள் என்றால் வட்டி 1,125. கட்டணம் 500, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 590. இரண்டையும் கூட்டி, கைக்கு வந்த 49,410-க்கு வருடக் கணக்கு போட்டால் 13.9 சதவீதம் வரும். அதே கடனை முழு வருடம் வைத்திருந்தால் 10.3 தான். குறுகிய காலத்துக்கு வைப்பவர் வட்டியைவிடக் கட்டணத்தைப் பேரம் பேச வேண்டும். கட்டணமே இல்லாத 11 சதவீதக் கடன் அவருக்கு 9 சதவீதத்தைவிட மலிவு.

2024 அக்டோபர் 1 முதல் இந்தக் கட்டணங்களையும் சேர்த்த வருடாந்திர விகிதத்தை ஏபிஆர் என்ற பெயரில் முக்கியத் தகவல் தாளில் போட்டாக வேண்டும். முதல் பக்கத்தில் இருக்கும். அதில் இல்லாத எந்தக் கட்டணத்தையும் உங்கள் தெளிவான சம்மதம் இல்லாமல் பின்னால் பிடிக்க முடியாது. இரண்டு கவுன்டர்களை ஒப்பிட, கிராம் ரேட்டைவிட ஏபிஆர் எவ்வளவோ நம்பகமானது.

நான்கு கவுன்டர்கள்

பொதுத்துறை வங்கி: வட்டி பெரும்பாலும் குறைவு, வேகமும் குறைவு. அப்ரைசர் முழுநேர ஊழியராக இருப்பது அரிது. நகை மதிப்பீட்டுக்குக் கூலி வாங்கும் வெளியாள், குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் வருவார். மதியத்துக்கு மேல் போனால் நாளைக்கு வா என்பார்கள். அப்ரைசர் போடும் மதிப்புக்குப் பின்னால் அவருடைய சொந்தப் பொறுப்பும் இருப்பதால் கழிவைத் தாராளமாகவே கழிப்பார், எதிர்பார்த்ததைவிட எடை குறைந்து வருவதற்கு அது ஒரு காரணம். விவசாய நகைக்கடன் என்றால் சிட்டா, அடங்கல் கேட்பார்கள், வட்டி இன்னும் இறங்கும். அந்தத் தலைப்பில் வாங்கிக் கல்யாணச் செலவு செய்வது ஊரறிந்த பழக்கம். தணிக்கையில் தலைப்பு மாற்றினால் சலுகை வட்டி போய்விடும். மூன்று மாதத்துக்கு மேல் நகை வைக்கத் தீர்மானித்தவருக்கு எங்கள் முதல் சிபாரிசு இதுதான்.

கூட்டுறவு: இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியும் நகரக் கூட்டுறவு வங்கியும் ரிசர்வ் வங்கியின் வரம்புக்குள் வருபவை. ஊரில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் அப்படியில்லை, அது மாநிலக் கூட்டுறவுப் பதிவாளரின் கீழ். இரண்டையும் சொசைட்டி என்ற ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். மேலே சொன்ன 85 சதவீதமும் நகை தரத் தாமதித்தால் கிடைக்கும் என்று கீழே சொல்லப்போகும் 5,000 ரூபாயும் சங்கத்துக்கு நேரடியாகப் பொருந்தாது. இருந்தாலும் ஊரார் அங்கே வரிசையில் நிற்கக் காரணம் இருக்கிறது. 2021-ல் தமிழக அரசு கூட்டுறவு நிறுவனங்களில் 5 சவரன் வரையிலான நகைக்கடன்களைத் தள்ளுபடி செய்தது. அடுத்த தள்ளுபடி வரும் என்ற நம்பிக்கையில் வட்டி கட்டாமல் வைத்திருப்பது சூதாட்டம். அந்தத் தள்ளுபடியிலேயே தகுதி விதிகளில் விழுந்தவர்கள் ஏராளம்.

நகைக்கடன் நிறுவனம்: அவசரத்துக்கு இதை விட்டால் வேறில்லை. அடையாள ஆவணங்களோடு போனால் சீக்கிரம் வேலை முடியும். 20,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தர முடியாது, வருமானவரிச் சட்டம் தடுக்கிறது, மீதி வங்கிக் கணக்குக்கு வரும். ஒரே நிறுவனத்தில் பத்துப் பன்னிரண்டு திட்டங்கள் இருக்கும், கவுன்டரில் இருப்பவர் முதலில் எடுத்துக் காட்டுவது கிராமுக்கு அதிகம் தரும் திட்டத்தை. அதுதான் வட்டியும் அதிகமுள்ள திட்டம். "கம்மி வட்டி ஸ்கீம் எது?" என்று கேட்டால் வேறொரு தாள் வெளியே வரும். ஒரு வாரம், பத்து நாள் தேவைக்கு நன்று. ஞாபகமறதிக்காரர்கள் தவிர்க்கலாம்.

அடகுக்கடை: 1943-ஆம் ஆண்டு அடகு பிடிப்போர் சட்டத்தின்படி உரிமம் வாங்கி நடப்பவை. ரிசர்வ் வங்கியின் கை இங்கே நீளாது. இரவு எட்டு மணிக்கும் திறந்திருக்கும், 2 கிராம் தோட்டுக்கும் மூக்குத்திக்கும் முகம் சுளிக்காது, அதுதான் அதன் பலம். உரிமம் சுவரில் மாட்டியிருக்கிறதா, சீட்டில் எடையும் வட்டியும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். முதல் மாத வட்டியை எடுத்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுத்தால், சொன்ன வட்டியைவிட உண்மை வட்டி கூடிவிட்டது என்று பொருள். சீட்டில் வெறும் "செயின் 1" என்று எழுதும் கடையில் வைக்காதீர்கள்.

எங்கே போனாலும் சில பொருள்களுக்குக் கதவு மூடியிருக்கும். வங்கியிலும் நிறுவனத்திலும் தங்கக்கட்டி, பங்குச்சந்தையில் வாங்கும் தங்க நிதியான ஈடிஎஃப் வைக்க முடியாது. நாணயம் 50 கிராம் வரை, ஆபரணம் ஒருவருக்கு 1 கிலோ வரை. வெள்ளிக்கும் இந்த விதிகளில் இடம் உண்டு, ஆபரணம் 10 கிலோ, நாணயம் 500 கிராம்.

மாற்றி வைப்பது, முழுகிப்போவது

வருடக் கடைசியில் வட்டியைக் கட்டிவிட்டு அதே நகையை மாற்றி வைப்பது வழக்கம். சில கிளைகளில் வட்டி போதாது, அசலையும் கட்டித் திருப்பிவிட்டு மறுபடி வை என்றார்கள். அப்போது வாசலிலேயே ஆள் நின்றார்கள், ஒரு நாளைக்குப் பணம் கொடுத்து லட்சத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்ள. இப்போதைய விதிப்படி புல்லட் கடனில் சேர்ந்த வட்டியை முழுதாகக் கட்டினால் புதுப்பிக்கலாம். அதற்கு நீங்கள் முறையாகக் கேட்க வேண்டும், நகையின் இன்றைய மதிப்பில் எல்டிவி வரம்புக்குள்ளும் இருக்க வேண்டும். வட்டியையே புதுக்கடனில் சேர்த்துக்கொள்ளும் பழைய வித்தை இனி நடக்காது. புதுப்பிப்பு தானாக நடக்கும் என்று இருந்துவிடாமல், கெடு முடிய ஒரு வாரம் முன்னரே எழுத்தில் கேளுங்கள்.

விலை இறங்கும்போது என்ன ஆகும்? எல்டிவி வரம்பு கடன் முடியும் வரை காக்கப்பட வேண்டும். நம் நெக்லஸில் 2,56,000 வாங்கியிருக்கிறீர்கள். தங்கம் 10 சதவீதம் இறங்கினால் மதிப்பு 2,88,000, எல்டிவி 88.9 ஆகிவிடும். உடனே போன் வரும்: கொஞ்சம் அசல் கட்டுங்கள், இல்லை இன்னொரு நகை கொண்டுவாருங்கள் என்று. வரம்பின் உச்சிவரை வாங்காமல் 65, 70 சதவீதத்தில் நிறுத்திக்கொண்டவருக்கு இந்த போன் எளிதில் வராது. மூன்று நகை இருந்தால் மூன்றையும் ஒரே சீட்டில் வைக்காமல் தனித்தனிச் சீட்டாக வைப்பது இன்னொரு உத்தி. பணம் வரவர ஒவ்வொன்றாகத் திருப்பலாம், ஒன்று முழுகினாலும் மற்றவை தப்பும். கட்டணம் மூன்று மடங்காகும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏலம் வரை போய்விட்டால், முன்னறிவிப்பு வந்தாக வேண்டும். இரண்டு நாளிதழ்களில் விளம்பரம், ஒன்று வட்டார மொழியில். அடிவிலை நகையின் அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, இரண்டு முறை ஏலம் போகாவிட்டால் மட்டும் 85. முதல் ஏலம் கடன் வாங்கிய கிளை இருக்கும் மாவட்டத்திலேயே நடக்க வேண்டும். கடன் கொடுத்தவரும் அவரைச் சேர்ந்த நிறுவனங்களும் அதில் ஏலம் கேட்கக் கூடாது. கடனுக்கு மேல் மிஞ்சிய பணத்தை, ஏலத்தொகை வந்து சேர்ந்த 7 வேலை நாளுக்குள் உங்களுக்குத் தர வேண்டும். இந்தக் கடைசி விஷயம்தான் பலருக்குத் தெரியாது. நகை போச்சு என்று வெட்கப்பட்டு அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிடுகிறார்கள். 3,20,000 மதிப்பு நகைக்கு அடிவிலை 2,88,000. பாக்கி 2,60,000 என்றால் செலவு போக மிச்சம் உங்களுடையது. முகவரி மாறியிருந்தால் அறிவிப்பு பழைய வீட்டுக்குத்தான் போகும், கைபேசி எண் மாறியவுடன் கிளையில் சொல்லி வையுங்கள். கட்டாத நகைக்கடனும் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ஏறும்.

திருப்பும் நாள்

முழுப்பணமும் கட்டிய அன்றே நகையைத் தர வேண்டும், தாமதித்தாலும் 7 வேலை நாளைத் தாண்டக் கூடாது. அவர்கள் தப்பால் தாண்டினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்கு. சாவி வைத்திருக்கும் இரண்டு அதிகாரிகளில் ஒருவர் விடுப்பில் இருக்கிறார் என்ற பதிலை இனிமேல் அவ்வளவு சாவகாசமாகச் சொல்ல முடியாது. பணம் கட்டும் முன்பே கிளைக்கு போன் செய்து பெட்டகம் திறக்கும் நேரத்தைக் கேட்டுக்கொள்வது இரண்டு நடையை மிச்சப்படுத்தும்.

சீட்டு தொலைந்திருந்தால் இழப்பீட்டுப் பத்திரம் எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள், அதற்கு ஒரு நாள் தனியாக ஒதுக்குங்கள். கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் வாரிசுதாரர் வாங்கலாம், ஆனால் வாரிசுச் சான்றிதழ் கைக்கு வரும்வரை வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். அம்மா பெயரில் நகை வைத்திருந்தால் சீட்டு எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பையின் முத்திரை நீங்கள் கையெழுத்துப் போட்ட அதே முத்திரையா என்று பார்த்து, உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். பிரித்ததும் கழுத்தில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடாமல், அதே தராசில் மறுபடி வைக்கச் சொல்லுங்கள். சீட்டில் மொத்த எடை 34.600 என்றால் திரையிலும் 34.600 வர வேண்டும். கொக்கி, திருகாணி, கடைசிக் கல் வரை இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்த பிறகு பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடுங்கள்.